இந்த மெட்டு யாருது?

எங்க பெரியப்பாகூட டீக்கடைக்கு போனா ஒரு விஷயம் கண்டிப்பா நடக்கும். கடையில பர்மா பாட்டு ஏதாச்சும் ஓடிட்டு இருக்கும், ரெண்டு வரி முடியறதுக்குள்ள கிளாஸ கீழ வச்சிட்டு ஆள்காட்டி விரல தூக்குவாரு, "தம்பி, இந்த மெட்டு யாருது?"ன்னு கேப்பாரு. எனக்கு அப்ப பத்து பன்னெண்டு வயசு, தெரியாதுன்னு தலையாட்டுவேன். கண்ண மூடி அடுத்த ரெண்டு வரி கேப்பாரு, அப்புறம் ஹிந்தி படத்து பாட்டு, இன்ன வருஷம், இன்னாரு மியூசிக்னு சொல்லிட்டு மறுபடி டீய எடுப்பாரு. தப்பா சொன்னத நான் பாத்ததே இல்ல.

ரங்கூன்ல பொறந்து வளந்தவங்களுக்கு இது தெரியும், வெளியூர்ல இருக்கறவங்களுக்காக சொல்றேன். இங்க 'காப்பி தச்சின்'னு ஒண்ணு உண்டு, தச்சின்னா பாட்டு. வேற நாட்டு மெட்ட எடுத்து பர்மிய வரி போட்டு பாடுறது. ஹிந்தி, இங்கிலீஷ், சீனம், ஜப்பான்னு எங்கேந்து வேணா வரும், ஜனங்க அத தங்களோட பாட்டாவே வச்சுக்குவாங்க, யாருக்கும் அதுல வெக்கம் கெடையாது. 1988ல ராணுவ ஆட்சிய எதுத்து நடந்த போராட்டத்துல பொறந்து, 2021ல மறுபடி தெரு முழுக்க பாடுனாங்களே ஒரு பாட்டு, உயிர விட்டவங்களோட ரத்தம் இன்னும் காயலன்னு சொல்ற பாட்டு, அதுக்கே மெட்டு எழுபதுகள்ல வந்த ஒரு அமெரிக்க பாட்டோடது. அத கூட்டத்துல நின்னு பாடறப்ப தொண்ட அடைக்காத ஆள நான் பாக்கல. அதனால காப்பின்னா கேவலம்னு நான் சொல்ல வரல. பெரியப்பாவும் அப்படி சொன்னது இல்ல, பாட்டு நல்லா இருந்தா ரசிப்பாரு, ஆனா மெட்டு எங்கேந்து வந்துச்சுன்னு தெரிஞ்சிக்காம எந்திரிக்க மாட்டாரு, அவ்வளவுதான்.

வீட்டுல அவருகிட்ட ஒரு பெட்டி நெறைய கேசட் இருந்துச்சு. எண்பதுகள்ல இங்க வெளிநாட்டு சாமான் கடையில நேரா கெடைக்காது, மெட்ராஸ் போயிட்டு வர்றவங்க யாராச்சும் ஒரு கேசட் கொண்டு வந்தா அத பத்து வீட்டுல பதிவு பண்ணுவாங்க, அந்த பத்துலேந்து இன்னும் முப்பது. ஒவ்வொரு தடவ பதியறப்பவும் பின்னால 'ஸ்ஸ்'னு ஒரு எரைச்சல் ஏறும். பெரியப்பா கேசட்ட போட்டதும் பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்ன வர்ற அந்த எரைச்சல மட்டும் கேட்டுட்டு "இது மூணாவது காப்பி", "இது அஞ்சு கை மாறி வந்தது"ன்னு சொல்லுவாரு. இளையராஜா பாட்டுல வயலின் தனியா தெரியுதா, இல்ல எல்லாம் சேந்து களி மாதிரி கேக்குதான்னு பாப்பாராம், அதுல கணக்கு தெரிஞ்சிடுமாம். ரொம்ப பிடிச்ச பாட்டுன்னா ஒரிஜினல் யாரு வீட்டுல இருக்குன்னு தேடி, 26வது தெருவுலேந்து தாமுவே வரைக்கும் டேப்ப தோள்ல தூக்கிட்டு போயி பதிஞ்சிட்டு வந்த ஆளு.

ரேடியோவையும் அதே காதோடதான் கேப்பாரு. சாயந்தரம் அரசாங்க ரேடியோ, அதுக்கப்புறம் பிபிசி பர்மிய சேவை, ராத்திரி பத்து மணிக்கு மேல பிபிசியோட தமிழ் நிகழ்ச்சி தமிழோசை. மூணையும் கேட்டுட்டு படுத்துக்குவாரு, யாருகிட்டயும் எதுவும் சொல்ல மாட்டாரு, காலையில பல்லு வெளக்கிட்டு வந்துதான் "அந்த விஷயம் உண்மைதான் போல"ன்னு வாய தொறப்பாரு. 88ல ஆகஸ்ட் 8ம் தேதி நாடு முழுக்க எறங்கப் போறாங்கன்னு பிபிசியில பேட்டி வந்தப்ப தெருவே பரபரப்பா இருந்துச்சாம், அன்னைக்கும் அவரு படுத்து தூங்கிட்டு காலையிலதான் அரிசி வாங்க ஓடுனாருன்னு பெரியம்மா இன்னும் சொல்லும். 2017 ஏப்ரல் 30ம் தேதியோட தமிழோசை ரேடியோவுல நின்னு போச்சு. மறுநாள் ராத்திரி அதே நேரத்துக்கு அவரு ரேடியோவ போட்டாரு, நான் பக்கத்துலதான் இருந்தேன். முள்ள அந்த பக்கம் இந்த பக்கம் மெதுவா திருப்புனாரு, வெறும் எரைச்சல். ஒரு அஞ்சு நிமிஷம் அதையே கேட்டுட்டு அணைச்சிட்டு, ரேடியோ மேல அந்த வெள்ள துணிய போத்தி விட்டாரு. அடுத்த வருஷம் அவரும் போயிட்டாரு.

இப்ப நம்ம கதைக்கு வர்றேன். எங்க தலமுறைக்கு செய்தி வந்த விதம் வேற. ஒரு காலத்துல இங்க சிம் கார்டு வெல ஆயிரம் டாலருக்கும் மேல, பணக்காரங்க சமாச்சாரம். 2014ல வெளிநாட்டு கம்பெனி ரெண்டு உள்ள வந்ததும் 1,500 கியாட்டுக்கு சிம், வண்டி தள்றவர் கையிலயும் போன். ஒரே மூச்சுல நாடே ஆன்லைன் வந்துச்சு, ஆனா வந்தது இன்டர்நெட்டுக்கு இல்ல, ஃபேஸ்புக்குக்கு, இங்க நெறைய பேருக்கு ரெண்டும் ஒண்ணுதான். பேப்பர் படிச்சு பழகி, ரேடியோ கேட்டு பழகி, அப்புறம் நெட்டுக்கு வர்றதுன்னு ஒரு வரிசை இருக்குல்ல, அது எங்களுக்கு அமையவே இல்ல.

அதே 2014 ஜூலைல மாந்தலேல என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்கும். ஒரு டீக்கடைக்காரர் மேல பொய்யா ஒரு பலாத்கார பழி, அத ஃபேஸ்புக்குல பரப்புனாங்க, கலவரம், ரெண்டு உயிர் போச்சு, ஒருத்தர் பௌத்தர் ஒருத்தர் முஸ்லிம். நாங்க ரங்கூன்ல இருக்கோம், நாங்க முஸ்லிமும் இல்ல, ஆனாலும் அம்மா ஒரு வாரம் பிள்ளைங்கள ஸ்கூலுக்கு அனுப்பல. ஏன்னா கோவத்துல இருக்கறவன் கண்ணுக்கு எல்லாரும் 'கலா'தான், இந்திய சாயல்ல இருக்கறவங்கள எளக்காரமா சொல்ற வார்த்த அது, தோல பாத்துதான் கூப்புடுவான், நெத்தியில திருநீறு இருக்கான்னு பாக்க மாட்டான். அந்த வார்த்தைய அப்புறம் 2017ல ஃபேஸ்புக்கு தடுக்க ஆரம்பிச்சாங்க, நல்லதுதான், ஆனா மெஷினுக்கு என்ன தெரியும், பர்மிய மொழியில கடலப்பருப்புக்கும் 'கலா பே'ன்னுதான் பேரு, நாற்காலியும் 'கலா டைங்'தான், அந்த பதிவெல்லாமும் சேந்து காணாம போயி ஊரே பேசுச்சு. சொல்ல வர்றது என்னன்னா, எது பழி எது பருப்புன்னு மேல இருக்கறவன் வந்து பிரிச்சு குடுப்பான்னு நாம காத்துட்டு இருக்க முடியாது. இது எனக்கு அப்பவே புரிஞ்சிருக்கணும், புரியல.

2021 பிப்ரவரி 1. ராணுவம் ஆட்சிய எடுத்துக்கிச்சு, காலையில போன்ல சிக்னல் இல்ல. மறுநாள் ராத்திரி எட்டு மணிக்கு எல்லா வீட்டு வாசல்லயும் சட்டி பான தட்ட ஆரம்பிச்சாங்க, கெட்ட ஆவிய வெரட்ட இவங்க செய்யற பழைய வழக்கம் அது. எங்க வீட்டுல அம்மா போகி அன்னைக்கு கொட்டுற மாதிரி பித்தள தாம்பாளத்த கரண்டியால தட்டுச்சு. பதினஞ்சு நிமிஷம், தெரு முழுக்க ஒரே தாளம், கீழ் வீட்டு பர்மிய பாட்டி, எதுத்தாப்புல சீனக்காரர், மாடியில நாங்க. அந்த சத்தத்துக்கு இணையா ஒரு கச்சேரிய நான் இன்னும் கேக்கல.

அந்த வாரம் 4ம் தேதி ஃபேஸ்புக்க முடக்குனாங்க, 6ம் தேதி நெட்டையே மொத்தமா நிறுத்துனாங்க. 6ம் தேதி சனிக்கிழமை சாயந்தரம் திடீர்னு பட்டாசு சத்தம். ராணுவம் புடிச்சு வச்சிருந்த தலைவர் ஆங் சான் சூச்சிய விட்டுட்டாங்களாம்! ஜனங்க தெருவுல ஓடி வந்து கட்டிப்புடிச்சு அழுதாங்க. நானும் எறங்கி ஓடுனேன், கைலி தடுக்கி மாடிப்படியில முட்டிய பேத்துக்கிட்டேன். ஒரு மணி நேரத்துல தெரிஞ்சு போச்சு, விடல, வதந்தி. வெடிச்ச பட்டாசு பேப்பர் ரோட்ல கெடந்துச்சு, யாரும் கூட்டல. இதுல நான் கவனிச்சது, அன்னைக்கு நெட்டே இல்ல. பொய்க்கு நெட்டு வேணும்னு நெனச்சிட்டு இருந்தேன், அதுக்கு நம்ம ஆசையே போதும், அது வாயாலயே ஊர சுத்தி வந்துடும்.

அப்புறம் ராத்திரி ஒரு மணிலேந்து காலை ஒம்பது வரைக்கும் நெட் கெடையாதுன்னு ஆச்சு, மார்ச் 15ல மொபைல் டேட்டாவும் போச்சு. அந்த நாட்கள்ல எனக்கு பாட்டுதான் தொண. முன்னாடியே மெமரி கார்டுல ஏத்தி வச்சது ஒரு நாலாயிரம் பாட்டு இருந்துச்சு, ஸாப்யான்னு ஒரு ஆப், நெட் இல்லாம போன்லேந்து போனுக்கு அனுப்பலாம், பக்கத்து வீட்டு பசங்க வந்து வாங்கிட்டு போவாங்க, அவங்ககிட்ட இருக்கறத எனக்கு தருவாங்க. பெரியப்பாவோட கேசட் காலம் திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு. இன்னைக்கும் சொல்றேன், எல்லாத்தையும் நெட்டுலயே கேட்டுக்கலாம்னு இருக்காதீங்க. பிடிச்ச பாட்ட, வீட்டு கல்யாண போட்டோவ, முக்கியமான நம்பர ஒரு கார்டுல போட்டு வைங்க, நம்பர ஒரு பழைய நோட்டுலயும் பேனாவால எழுதி வைங்க. கரண்டும் நெட்டும் எப்ப போகும்னு நம்மள கேட்டு போறது இல்ல.

வதந்திய நம்புனது ஒரு பக்கம்னா, உண்மைய நம்பாம போனதும் உண்டு. நான் வாலிபனா இருந்தப்ப, 2000ல, ஆசிட்னு ஒரு குழு பர்மிய மொழியில ஹிப் ஹாப் ஆல்பம் போட்டாங்க, இந்த நாட்டுக்கே அது புதுசு. தெருவுல கிரிக்கெட் ஆடிக்கிட்டே அத கத்துவோம், தமிழ் பசங்க நாங்க ஒரு ஏழெட்டு பேரு. அதுல பாடுன ஃபியோ ஸெயா தோ அப்புறம் அரசியலுக்கு போயி ஜெயிலுக்கு போயி எம்பி ஆனாரு. 2022 ஜூலை 25ம் தேதி, அவரையும் சேத்து நாலு பேருக்கு மரண தண்டனைய நிறைவேத்திட்டாங்கன்னு செய்தி. நண்பன் ஒருத்தன் அனுப்புனான். நான் "பொய், பரப்பாத"ன்னு கோவமா பதில் போட்டேன், ஏன்னா முப்பது வருஷத்துக்கு மேல இங்க அப்படி ஒண்ணு நடந்ததே இல்ல, நடக்காதுன்னு மனசு முடிவு பண்ணிடுச்சு. அவன் அரசாங்க பேப்பர போட்டோ புடிச்சு அனுப்புனான். அன்னைக்கு ராத்திரி கார்டுல இருந்த அந்த பழைய ஆல்பத்த போட்டேன், ரெண்டாவது பாட்டுக்கு மேல கேக்க முடியல. பெரியப்பா ஏன் அரசாங்க ரேடியோவையும் விடாம கேட்டாருன்னு அப்பதான் வெளங்குச்சு. பிடிக்காதவன் சொன்னாலும் சிலது உண்மையா இருக்கும், அதுவும் நமக்கு பிடிக்காததா இருந்தா நம்ம காது தானா மூடிக்கும்.

இவ்வளவும் பாத்தவன் நான். அப்படியும் அடுத்த வருஷமே அத செஞ்சேன். இத எழுத உக்காந்ததே அதுக்காகத்தான்.

2023 ஜூலை 23, ஞாயித்துக்கிழமை. 20,000 கியாட் நோட்டு வருது, 31ம் தேதிலேந்துன்னு மத்திய வங்கி அறிவிச்சுது. வெள்ள யானையையும் பெரிய புத்தர் சிலையையும் கொண்டாடுற நோட்டு. உடனே ஊர்ல தங்கமும் டாலரும் ஏற ஆரம்பிச்சுது. வெளியூர்க்காரங்களுக்கு புது நோட்டு வந்தா என்ன பயம்னு தோணும். இங்க நோட்டுன்னாலே பயம்தான், 1964ல 50, 100 செல்லாதுன்னாங்க, 85ல மறுபடி, 1987 செப்டம்பர் 5ம் தேதி 25, 35, 75 மூணும் செல்லாதுன்னு ரேடியோவுல சொன்னாங்க, அந்த தடவ மாத்தித்தர்றதும் கெடையாது. எங்க அத்தை, அதாவது அப்பாவோட தங்கச்சி, அப்ப கல்யாணம் ஆகி மூணு வருஷம், பிஸ்கட் டப்பாவுல 75 கியாட் நோட்டா சேத்து வச்சிருந்துச்சு. நானும் அத்தை மகளும் அந்த நோட்ட வச்சு கடை விளையாட்டு விளையாடிருக்கோம், புளியங்கொட்ட ஒரு கிலோ எழுபத்தஞ்சுன்னு. அத்தை அடுப்படியிலேந்து பாத்துட்டு ஒண்ணும் சொல்லாது.

திங்கக்கிழமை சாயந்தரம் எனக்கு ஒரு பர்மிய வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. ஒரு பொம்பள குரல், பதட்டமா, "என் அக்கா பேங்க்ல இருக்கா, 31ம் தேதிக்கு அப்புறம் 10,000 நோட்டு செல்லாது, 5,000மும் போகும், வீட்ல வச்சிருக்கறவங்க மாத்திக்கோங்க"ன்னு. எனக்கு அனுப்புனவன் கூட வேல பாக்குறவன், நல்லவன். எங்க சொந்தக்கார வைபர் குரூப்புல அறுபது பேரு இருக்கோம், பெரியவங்களுக்கு தமிழ் படிக்க வராது. 64க்கு அப்புறம் தமிழ் பள்ளிக்கூடமெல்லாம் போச்சு, கோயில்ல ஞாயித்துக்கிழமை படிச்சாதான் உண்டு, பேச்சு தமிழ், எழுத்து பர்மா, அப்படித்தான் எங்க வாழ்க்க. அதனால குரூப்புல எல்லாமே வாய்ஸ்தான். நான் என்ன செஞ்சேன், அந்த மெசேஜ அப்படியே அனுப்பல, அனுப்பியிருந்தாகூட பரவாயில்ல, யாரோ பேசுறாங்கன்னு விட்டுருப்பாங்க. எல்லாருக்கும் நல்லா புரியட்டும்னு நானே தமிழ்ல என் குரல்ல நாப்பது செகண்டு பேசி போட்டேன். "அக்கா பேங்க்ல இருக்காளாம்"ங்கறது என் வாயில "பேங்க்ல இருக்கறவங்க சொல்றாங்க"ன்னு ஆச்சு. கெட்ட எண்ணம் துளி கெடையாது, 87ல அத்தை பட்டத மறுபடி யாரும் படக்கூடாதுங்கற எண்ணம்தான். ஆனா யாரோ போட்ட மெட்டுக்கு நான் தமிழ்ல வரி எழுதி பாடிட்டேன், கேட்டவங்களுக்கு அது என் பாட்டு.

வெள்ளிக்கிழமை அத்தை மக போன் பண்ணுச்சு, "அண்ணே, அம்மா பணத்த மாத்திடுச்சு." தன்லின்ல அத்தை சின்ன மளிகைக்கட வச்சிருக்கு. அத்தை மக கல்யாணத்துக்குன்னு வச்சிருந்தது எண்பது லட்சம் கியாட், எல்லாம் 10,000 நோட்டு, எண்ணூறு நோட்டு. தெரிஞ்ச ஒரு ஆளு நூத்துக்கு ஏழு எடுத்துக்கிட்டு 1,000 நோட்டா மாத்தி குடுத்துருக்கான். அஞ்சு லட்சத்து அறுபதாயிரம் அப்படியே போச்சு.

சனிக்கிழமை பஸ் புடிச்சு பாலம் தாண்டி போனேன். சரியான மழ. அத்தை பாய விரிச்சு உக்காந்து நோட்ட எண்ணிட்டு இருந்துச்சு, பக்கத்துல அரிசி சாக்கு, அதுலதான் வீட்டுக்கு வந்துருக்கு. ஏழாயிரத்து நானூத்தி நாப்பது நோட்டு. அதுல பாதிக்கு ஓரம் கிழிஞ்சது, டேப் ஒட்டுனது, இங்க கொஞ்சம் கிழிஞ்சாலே கடையில வாங்க மாட்டாங்க, பேனா கோடு இருந்தாக்கூட ரெண்டு தடவ திருப்பி பாப்பாங்க. கிழிஞ்சத தனியா அடுக்கிட்டு இருந்த அத்தை என்ன பாத்ததும் "வாப்பா, நல்ல நேரத்துல சொன்ன, இல்லாட்டி 87 மாதிரி ஆயிருக்கும், டீ குடிக்கிறியா?"ன்னு கேட்டுச்சு. நன்றி சொல்லுது எனக்கு. நான் அந்த பாயில உக்காந்து அது உண்மையானு நான் பாக்கவே இல்லன்னு சொன்னேன். அத்தை கைய நிறுத்துச்சு. "நீ பேங்க்ல கேட்டுத்தான சொன்ன?" "இல்ல அத்தை." கொஞ்ச நேரம் மழைய பாத்துட்டு, "உன் குரல்னுதான்ப்பா நம்புனேன்"ன்னு சொல்லுச்சு, மறுபடி எண்ண ஆரம்பிச்சுது. திட்டியிருந்தா எனக்கு லேசா இருந்துருக்கும். 31ம் தேதி வந்துச்சு போச்சு, 10,000 நோட்டுக்கு ஒண்ணும் ஆகல, இன்னைக்கும் அதான் ஓடுது.

போன பணத்த நான் பத்து மாசத்துல கொஞ்சம் கொஞ்சமா குடுத்தேன், அத்தை வேணாம்னுச்சு, அத்தை மக கையில குடுத்துட்டு வருவேன். ஆனா குரூப்புல திருத்தறது அதவிட கஷ்டமா இருந்துச்சு. மொதல்ல பர்மிய எழுத்துல டைப் பண்ணி போட்டேன், "அந்த செய்தி தவறு"ன்னு. நாலு பேரு பாத்தாங்க. என் வாய்ஸ கேட்டது அறுபது பேரும், அவங்க மூலமா கோயில்ல பாதி பேரும். அப்புறம்தான் புரிஞ்சு, மறுபடி என் குரல்லயே, என் பேர சொல்லி, "நான்தான் தப்பா சொன்னேன், பேங்க்ல யாரையும் கேக்கல, மாத்தாதீங்க"ன்னு பேசுனேன். பழசையும் அழிக்கல, அது கீழயே போட்டேன். இத அனுபவிச்சு சொல்றேன், பொய் எந்த வழியா போச்சோ திருத்தத்தையும் அதே வழியா அனுப்பணும். வாய்ஸ்ல போனது வாய்ஸ்ல, கோயில்ல வாயால பரவுனது கோயில்ல போயி நின்னு. சத்தமில்லாம டெலீட் பண்ணிட்டு போனா, கேட்டவங்க மனசுல அது அப்படியே தங்கிடும். அந்த ஞாயித்துக்கிழமை காளியம்மன் கோயில்ல பூஜ முடிஞ்சதும் பிரசாதம் வாங்க நின்ன வரிசையில ஒவ்வொருத்தர்கிட்டயா சொன்னேன். ரெண்டு பேரு ஏற்கனவே மாத்தியிருந்தாங்க.

அதுலேந்து எனக்கு ஒரு பழக்கம். எது வந்தாலும் மொதல்ல பெரியப்பா கேள்வி, இந்த மெட்டு யாருது? கண்ணால பாத்தவன் யாரு, அவன் பேரு எனக்கு தெரியுமா? "நண்பனோட அக்கா", "உள்ள இருக்கறவங்க", "ஒரு டாக்டர் சொன்னாராம்", இப்படி ஆரம்பிச்சா அது எத்தனாவது காப்பின்னு யாருக்கும் தெரியாது, அங்கயே நிறுத்திடுவேன். வீடியோவுக்கும் எரைச்சல் உண்டு தெரியுமா, கை மாற மாற படம் மங்கிக்கிட்டே போகும், கட்டம் கட்டமா தெரியும், ஓரத்துல வேற வேற பேரு ஒட்டியிருக்கும், இன்னைக்கு காலையில எடுத்ததுன்னு சொல்ற வீடியோ அவ்வளவு மங்கலா இருந்தா எனக்கு உடனே சந்தேகம் வந்துடும். ஒரு ஃப்ரேம நிறுத்தி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து கூகுள்ல படமா தேடுனா பல நேரம் மூணு வருஷம் முன்னாடி வேற நாட்டுல எடுத்ததுன்னு வந்து நிக்கும்.

படத்துக்குள்ள பாக்க வேண்டியது எவ்வளவோ இருக்கு. கடை போர்டு எந்த எழுத்து, ஆம்பளைங்க கைலிய எப்படி முடிஞ்சிருக்காங்க. ஜூலைல ரங்கூன்னு சொல்லிட்டு ரோட்ல புழுதி பறந்தா அது ரங்கூன் இல்ல, எங்களுக்கு அப்ப அட மழ. இன்னொண்ணு, பர்மாவுல 1970லேந்து வண்டி ரோட்டுக்கு வலது பக்கம் போகும், ஆனா ஓடுற கார்ல பாதிக்கு மேல ஸ்டீயரிங்கும் வலது பக்கமே இருக்கும், ஜப்பான்லேந்து வந்த பழைய கார். இந்த ரெண்டும் சேந்து இருக்கற ஊரு உலகத்துல ரொம்ப கம்மி. வண்டியெல்லாம் இடது பக்கம் போற வீடியோவ காட்டி தாய்லாந்து எல்லையில இருக்கற எங்க மியாவடியில சண்டன்னு ஒருத்தர் அனுப்புனாரு, அது ஆத்துக்கு அந்தாண்ட தாய்லாந்து ரோடு. தெருவுல நடந்தா நாம தெனம் பாக்கறதுதான் எல்லாம், போன்ல பாக்கறப்ப மட்டும் மறந்து போகுது.

அதோட ஒரு ராத்திரி. பெரியப்பா மாதிரி. அவசரமா அனுப்புனாத்தான் உயிர் பொழைக்கும்னு வர்ற மெசேஜ்ல நான் பாத்த வரைக்கும் பத்துக்கு ஒம்பது காலையில செத்துடும். மிச்சம் ஒண்ணு நெஜமாவே அவசரம்னா, போன போட்டு சம்பந்தப்பட்டவங்கள நேரா கூப்புடுவேன், அறுபது பேருக்கு போட மாட்டேன். 2024 பிப்ரவரில கட்டாய ராணுவ சேவைய அறிவிச்சப்ப, ஆம்பளைங்களுக்கு பதினெட்டுலேந்து முப்பத்தஞ்சு வயசு, பொண்ணுங்களுக்கு இருவத்தேழு வரைக்கும், அன்னைக்கு ராத்திரி வந்த மெசேஜுங்கள சொல்லி மாளாது. இன்ன தெருவுல புடிக்கிறாங்க, இன்ன பஸ் ஸ்டாப்புல நிக்கிறாங்க. அக்கா பையனுக்கு இருவது வயசு, அக்கா அழுதுக்கிட்டே பைய கட்டிடுச்சு. நான் ராத்திரி முழுக்க அது பக்கத்துல உக்காந்து, சட்டத்துல என்ன வயசு, எப்ப கூப்புடுவாங்க, படிக்கிற பையனுக்கு என்னன்னு ரெண்டு மூணு எடத்துல ஒப்பிட்டு பாத்து சொன்னேன். அவன் ரெண்டு மாசம் கழிச்சுத்தான் ஊர விட்டு கெளம்புனான், ஆனா காகிதமெல்லாம் சரி பண்ணிட்டு, பகல்ல, தெரிஞ்ச ஆளோட போனான். அந்த ராத்திரியே பயந்து ஓடியிருந்தா எங்க மாட்டியிருப்பானோ.

போன் விஷயத்துல இன்னொண்ணு சொல்லிடுறேன், சின்ன பசங்க கேக்கணும். வழியில நிறுத்தி போன வாங்கி பாக்கறது இங்க நடக்குது, தடுத்து வச்ச சைட்ட தொறக்கற விபிஎன் ஆப் இருக்கான்னுகூட பாக்கறாங்க. உங்களுக்கு வர்ற எதையும் அடுத்தவன் பேரோட, முகத்தோட வச்சிருக்காதீங்க, நீங்க மாட்டுறது வேற, உங்க போனால இன்னொருத்தன் மாட்டுறது வேற. குரூப்புல போட்டோ தானா சேவ் ஆகறத நிறுத்தி வைங்க. பாட்டு கார்ட மட்டும் தனியா வைங்க, வெளிய போறப்ப அந்த கார்டோட போங்க.

2025 மார்ச் 28, மத்தியானம். ரங்கூன்லயே தொட்டில் மாதிரி ஆடுச்சு. 7.7 அளவு நிலநடுக்கம், சகாய்ங் பக்கம், மாந்தலே சரிஞ்சு கெடக்குன்னு சாயந்தரம் தெரியுது. சித்தப்பா குடும்பம் அங்கதான் இருக்கு, லைன் கெடைக்கல. வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவோட பர்மிய ஒலிபரப்பு அப்பத்தான் ரெண்டு வாரம் முன்னாடி நின்னு போயிருந்துச்சு, கேக்கறதுக்கு இருந்ததுல ஒண்ணு கொறஞ்ச நேரம் பாத்து பூமி ஆடுது. போன்ல கொட்டுச்சு படங்க. பாதி நெஜம், பழைய சகாய்ங் பாலம் ஆத்துல விழுந்து கெடந்தது நெஜம், பாதி கம்ப்யூட்டர் வரைஞ்சது, ரோடு பொளந்து பாதாளம் தெரியுது, விழுந்த பகோடா பக்கத்துல நிக்கறவனுக்கு நெழலே இல்ல. சித்தப்பா வீட்டு தெரு மொத்தமா போச்சுன்னு ஒரு வீடியோ குரூப்புல வந்துச்சு. யாரும் அழுகல, யாரும் அடுத்த குரூப்புக்கு அனுப்பல. அத்தைதான் மொதல்ல வாய்ஸ் போட்டுச்சு, "இத எடுத்தவங்க யாரு? தெரிஞ்சா சொல்லுங்க, தெரியலைன்னா சும்மா இருங்க, காலையில பாப்போம்." அறுபது பேரும் சும்மா இருந்தாங்க. நான் தூங்கல, அத்தையும் தூங்கலன்னு தெரியும், வைபர்ல ஆன்லைன்னு காட்டிக்கிட்டே இருந்துச்சு.

30ம் தேதி காலையில சித்தப்பா மகன்கிட்டேந்து வந்துச்சு, பதினோரு செகண்டு, பின்னால காத்து எரைச்சல், யாரோ குழந்தைய தட்டுற சத்தம். "நான்தான் பேசுறேன். கண்ணால பாத்து சொல்றேன். எல்லாரும் இருக்கோம், ரோட்ல படுத்துருக்கோம், வீட்டு செவுரு ஒண்ணு விழுந்துருச்சு, தண்ணி வேணும்." அத்தை அத நாலு தடவ போட்டு கேட்டுட்டு எனக்கு போன் பண்ணுச்சு, "அவன் குரல்தாம்ப்பா, தண்ணிக்கு ஏற்பாடு பண்ணு."